வீட்டு முற்றத்து மழைநீரும் வீட்டில் இருப்போர் உடல்நலமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களைப் பற்றிப் பேசுவோர் தண்ணீர்ப் பஞ்சத்தையே முதலில் குறிப்பிடுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், எண்ணி மாளக்கூடிய சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகையால், ஆண்டின் பெரும்பகுதி குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் அதே வீடு, ஐப்பசி பிறந்ததும் முற்றத்தில் கணுக்கால் அளவு நீர் தேங்கி நிற்பதையும் காண்கிறது.

இந்தப் பருவத்தில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோர் பலர்: அறுவை சிகிச்சை முடிந்தோர், பச்சிளங்குழந்தையுடன் தாய்மார், காலில் புண்ணுக்குக் கட்டுப்போட்ட நீரிழிவு நோயாளர், இடுப்பு எலும்பு முறிந்து மெல்ல நடக்கத் தொடங்கியிருக்கும் முதியோர். மாத்திரையை எப்போது கொடுப்பது, எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்று குடும்பத்தினர் கருத்தோடு கேட்டுக்கொள்கின்றனர். ஆனால் நம் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை முற்றத்தின் மறுகோடியில்தான் இருக்கிறது. நாளுக்கு ஐந்தாறு முறை நோயாளி அந்த முற்றத்தைக் கடக்க வேண்டியிருக்கும். அந்த வழியில் நீர் நிற்குமா, வழுக்குமா என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கரிசல் மண்ணின் இயல்பு

நம் வட்டாரத்தில் செவல் நிலமும் உண்டு. ஆயினும் பரவலாக இருப்பது கரிசல். இம்மண்ணில் உள்ள நுண்களிமண் நீர் பட்டால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, கைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் விடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். முதல் மழை அந்த விரிசல்கள் வழியே விரைந்து இறங்கிவிடும். அதைக் கண்டு, நிலம் எவ்வளவு நீரையும் குடித்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இரண்டாம், மூன்றாம் மழையில் மண் வீங்கி விரிசல்கள் அடைபட்டபின், மணிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்குவதே அரிது. எஞ்சிய நீர் முழுவதும் மேலே நின்றாக வேண்டும், அல்லது ஓடியாக வேண்டும்.

எவ்வளவு நீர் என்பதைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 600 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அக்கூரையில் மட்டும் 2,800 லிட்டர் விழுகிறது. தெறிப்பது, ஆவியாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், 15 லிட்டர்க் குடத்தால் 150 குடம் நீர் மிஞ்சும். இரண்டு சென்ட் முற்றத்தில் நேரே விழுவது மேலும் 4,000 லிட்டர். இவ்வளவும் எங்கே போக வேண்டும் என்று நாம் முன்னரே தீர்மானிக்காவிட்டால், நீர் தானே தீர்மானித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் சுவரோரமாகவோ, கிணற்றடியாகவோ, கழிவுநீர்த் தொட்டியாகவோ அமைந்துவிடுகிறது.

சுவரோரம் நீர் தேங்குவதால் வரும் தீங்கு கரிசல் நிலத்தில் இருமடங்கு. சுவர் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிப்பது ஒன்று. இரைப்பு நோய் உள்ளோர் மழைக்காலத்தில் அதிகம் அவதியுறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றொன்று, ஒரு பக்க மண் வீங்கி மறுபக்க மண் காய்ந்திருந்தால் அடித்தளம் ஒரே சீராக நில்லாது. சுவரில் சாய்வான வெடிப்புகள் தோன்றும். அந்த வெடிப்பைப் பூசி மறைப்பதால் பயன் குறைவு. நீரை முதலில் விலக்க வேண்டும்.

உறிஞ்சுகுழி குறித்து

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு அனைத்துக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் அதை நிறைவேற்றும் அவசரத்தில், மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்ற ஒரே வடிவம் எல்லா ஊர்களுக்கும் சென்றது: மூன்று நான்கு அடிப் பள்ளம், அதில் உடைகல்லும் மணலும், மேலே ஒரு குழாய். கடற்கரை ஊர்களில் அது நன்றாகவே வேலை செய்யும். கரிசலில் அத்தகைய குழி, களிமண்ணால் செய்த கிண்ணத்துக்கு ஒப்பானது. இரண்டு மழையில் நிரம்பி, வாரக்கணக்கில் நீரைத் தேக்கி வைத்திருக்கும். கரிசலுக்குக் கீழே சுக்கான் படிவமோ மக்கிய பாறையோ இருக்கும் ஆழம் வரை குழி சென்றால்தான் நீர் இறங்க வழி பிறக்கும்.

குழி தோண்டச் செலவிடும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குழி எந்த ஆழத்தில் முடியப் போகிறதோ அந்த ஆழத்து மண்ணில், ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள சிறு பள்ளம் எடுத்து நீர் நிரப்புக. அது வடிந்தபின் மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையெனில் அங்கே உறிஞ்சுகுழி பயன் தராது. இச்சோதனையைச் சித்திரை, வைகாசியில் செய்தால் ஏமாற்றிவிடும். விரிசல்கள் குடம் குடமாக விழுங்கும். மண் நனைந்திருக்கும் காலத்தில் செய்வதே சரி. கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ 15 மீட்டருக்குள் கழிவுநீர் உறிஞ்சுகுழி இருத்தல் கூடாது.

கரிசல் வீட்டுக்குச் சிறந்தது, கூரை நீரை மண்ணில் விழவிடாமல் முதலில் மூடிய தொட்டிக்குக் கொண்டுசெல்வதே. தரைத்தொட்டியாயினும், மேலே வைத்த பிளாஸ்டிக் தொட்டியாயினும் சரி. நம் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், கூரை நீர் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் மதிப்புமிக்கது. மழையின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூரையில் படிந்த தூசி, பறவை எச்சம், வேப்பஞ்சருகு ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு வரும். மேலே சொன்ன கூரைக்கு அது 50 முதல் 100 லிட்டர். அதைத் தொட்டிக்குள் விடாமல், இறங்கு குழாயில் ஒரு டீ இணைப்பும் கீழே திருகு மூடியும் பொருத்தி வெளியே விட்டுவிட வேண்டும். குடிப்பதானால் வடிகட்டிக் கொதிக்கவைத்த பின்னரே.

தொட்டி நிரம்பி வழியும் நீரும் முற்றத்தில் விழும் நீரும் வீட்டைவிட்டு விலகிச் செல்லச் சாய்வு தேவை. சுவரை ஒட்டி இரண்டரை, மூன்று அடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சாய்வு வைக்கலாம். அதற்கப்பால் வெறும் மண்ணாயின், முதல் மூன்று மீட்டரில் மொத்தம் 15 சென்டிமீட்டர் தாழ்வு இருக்கட்டும். கண்ணால் பார்த்து மட்டம் சொல்லக் கூடாது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்று போதும். சாய்வின் முடிவில் முற்றத்தின் தாழ்ந்த மூலையில் ஆழமற்ற பள்ளம் எடுத்து, வாழையோ கல்வாழையோ நடலாம். நிரம்பியதும் மிகுதி தெருக் கால்வாய்க்குப் போக ஒரு வழி இருத்தல் வேண்டும். கண்மாய்க்கு வரத்துக்காலும் கலுங்கும் இருப்பதை அறிந்த ஊர் நம்முடையது. நீர் வருவதற்கு ஒரு வழியும் மிகுந்தால் வெளியேற ஒரு வழியும் முற்றத்துக்கும் வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து அந்த வழியைத் திருப்பிவிடாமல் இருப்பது மட்டும் நம் கையில் உள்ளது.

ஒன்றை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. முற்றத்து நீர் தெருவுக்குப் போவதற்குப் பதில் தெருநீர் முற்றத்துக்கு வருகிறது. தனி வீட்டார் இதற்குச் செய்யக்கூடியது வாசலில் சிறு மேடு எழுப்புவதுதான். மற்றது தெருவினர் கூடி ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ கேட்க வேண்டியது.

மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியுடன் இணைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர். கண்ணுக்கு மறைவாக நீர் போய்விடுகிறதே என்று சிலர் அவ்வாறு செய்கின்றனர். பெருமழையில் தொட்டி நிரம்பி, மலக்கிருமிகளோடு கூடிய நீர் அங்கணத்தின் வழியாகவும் கழிப்பறை வழியாகவும் திரும்பி முற்றத்துக்கு வரும். டைபாய்டு, மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு இதைவிட நேரான வழி இல்லை.

வறண்ட ஊரில் டெங்கு

மழை மிகுந்த ஊர்களில்தான் டெங்கு வரும் என்று பலர் எண்ணுகின்றனர். 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டபோது, மிகுந்த பாதிப்புக்கு உள்ளான மாவட்டங்களில் நம் அண்டையிலுள்ள திருநெல்வேலியும் ஒன்று. 2017-இல் மாநிலத்தின் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது. குழாயில் நாள்தோறும் நீர் வராத ஊர்களில் மக்கள் நீரைச் சேமித்தே ஆக வேண்டும். டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா, குடம் என்று சேமிப்பு பெருகப் பெருக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடமும் பெருகுகிறது. அக்கொசு சாக்கடை நீரில் முட்டையிடுவதில்லை; தெளிந்த நீரையே நாடுகிறது. சாக்கடையில் பிறக்கும் கொசு வேறு வகை.

முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர நம் வெப்பநிலையில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும். எனவே எந்த நீரும் முற்றத்தில் ஒரு வாரத்துக்கு மேல் திறந்து நிற்கக் கூடாது. ஆட்டுரல் குழி, உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், கோழிக்கு வைத்த நீர்க் கிண்ணம், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றை வாரம் ஒரு நாள் குறித்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். டிரம்மிலுள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். மீண்டும் நீர் ஊற்றியதும் பொரியும். நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டியின் வழிநீர்க் குழாய்க்கும், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கும் நைலான் வலை கட்டுதல் அவசியம். வீடு தேடி வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் தொட்டியில் மருந்து ஊற்ற முன்வரும்போது, குடிநீர் கெட்டுவிடும் என்று சிலர் மறுக்கின்றனர். அவர்கள் உரிய அளவில் சேர்க்கும் புழுக்கொல்லி, சேமிப்பு நீரில் பயன்படுத்துவதற்கென்றே பரிந்துரைக்கப்பட்டது.

ஏடிஸ் பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்கு அப்பால் செல்வதில்லை, பகலில் கடிக்கும். பகலில் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியையும் தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் கடிப்பது, பெரும்பாலும் நம் வீட்டுக் கொசு அல்லது அடுத்த வீட்டுக் கொசு. ஆகவே வீட்டில் நோயாளி இருந்தால் பகலிலும் கொசுவலை வேண்டும்.

காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையோ ஊசியோ வேண்டாம். காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலமே டெங்குவில் கவலைக்குரியது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்.

தேங்கிய நீரில் கால் வைப்போர்

எலிகளின் சிறுநீரும், தொழுவத்து ஆடுமாடுகளின் சிறுநீரும் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவுகிறது. காலிலுள்ள சிறு கீறலே கிருமிக்குப் போதுமான வாசல். கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல், காய்ச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்கள் கழித்தே தோன்றுவதால், மழைநீரில் நடந்ததை நாம் மறந்திருப்போம். மருத்துவரிடம் அதை நினைவுபடுத்திச் சொன்னால் நோயறிதல் விரைவாகும். தொழுவத்திலிருந்து வழியும் நீர் வீட்டு வழியைக் கடக்காதவாறு சாய்வை மாற்றியமைப்பது, மாடு வைத்திருப்போர் செய்ய வேண்டிய முதல் வேலை.

நீரிழிவு நோயாளர் செருப்பின்றி ஈரமண்ணில் கால் வைக்கவே கூடாது. பாத உணர்ச்சி குன்றியோர்க்கு முள் தைத்ததுகூடத் தெரியாது. சீமைக் கருவேல முள் நிறைந்த நம் ஊரில் இது சிறிய செய்தியன்று. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் நோய்க்கிருமி, நீரிழிவு உள்ளோரையே பெரிதும் தாக்குகிறது. புண்கட்டு நனைந்தால் உடனே மாற்றுக.

கிணறு உள்ள வீட்டில், முற்றத்து நீர் கிணற்றுக்குள் இறங்காதபடி சுற்றுச்சுவரும் வெளிச்சாய்வான தளமும் வேண்டும். மழைக்காலத்தில் குளோரின் இடும் அளவு இது: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதையே அதனால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், தரமான பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 24 கிராம் போதும். வாளியில் நீர்விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் மற்றொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து நீர் இறைக்கலாம். கலங்கிய வெள்ளநீர் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் செய்க.

விரிசல்களிலும் பொந்துகளிலும் நீர் புகும்போது பாம்புகளும் தேள்களும் மேட்டை நாடி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலிகூட இராது. மழைக்காலத்தில் கட்டிலில் உறங்குவதும், விறகையும் செங்கல்லையும் சுவரோரம் அடுக்காமல் இருப்பதும் நன்று. கடித்தால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ வேண்டாம். அசையாமல் கிடத்தி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைக.

மின்சாரத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈரத்துணி உலர்த்தும் கொடிக்கம்பியை மின்கம்பத்திலோ, மின்வயர் செல்லும் இடத்திலோ கட்டாதீர். முற்றத்து மோட்டார் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் தானே துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் ஊரில் ஓராண்டில் பெய்வதைவிட அது மிகுதி. அத்தகைய நாளில் எந்தச் சாய்வும் எந்தத் தொட்டியும் உதவா. எச்சரிக்கை வந்தவுடன் நோயாளியை மேட்டுப்பகுதிக்கு மாற்றுவதே வழி. டயாலிசிஸ் செய்துகொள்வோரும், பேறுகாலம் நெருங்கியவர்களும், குண்டாற்றுக் கரையை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வசித்தால், எங்கே போவது, யார் வண்டி என்பதைப் புரட்டாசியிலேயே பேசி வைத்துக்கொள்க.

கழிப்பறை வழி

பெரிய வேலைகளுக்குப் பணமும் காலமும் தேவை. நோயாளி நாளை வீடு திரும்புகிறார் என்றால், இன்று செய்யக்கூடியது கழிப்பறைக்குப் போகும் வழியைச் சரிசெய்வதே. அரை அடி உயரத்துக்குச் செங்கல்லோ சரளையோ கொட்டி இறுக்கி, சொரசொரப்பான கற்பலகை பதித்து, மூன்றடி அகலப் பாதை அமைக்கலாம். ஊன்றுகோலுடன் ஒருவரும் தாங்கிப் பிடிக்க ஒருவரும் சேர்ந்து நடக்க அந்த அகலம் தேவை. வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். சிமெண்ட் தளத்தில் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் தூவித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுக. ஒரு பக்கம் கைபிடிக்கக் கயிறு அல்லது மூங்கில், இரவில் எரியும் ஒரு விளக்கு, தேயாத ரப்பர் குமிழ் உள்ள ஊன்றுகோல் ஆகியவை இருத்தல் நலம். வயது முதிர்ந்தோர்க்கு இடுப்பெலும்பு முறிய ஒரு சறுக்கல் போதும். அது பலரைப் படுக்கையிலேயே நிறுத்திவிடுகிறது.

வழியை உடனே சரிசெய்ய இயலாத வீட்டார், வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பே வார்டு செவிலியரிடம் கழிப்பறை எவ்வளவு தூரத்தில் உள்ளது, இடையில் படி எத்தனை, மழையில் நீர் நிற்குமா என்பதைச் சொல்லுங்கள். மழை நிற்கும்வரை கட்டிலருகே வைக்கும் கழிப்பு நாற்காலி போதுமா, நடைச்சட்டம் தேவையா என்பதை உடற்பயிற்சி சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார்.